சண்டிகர்: திட்டமிட்டுக் கட்டிய தலைநகரைப் பார்க்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சண்டிகரை ஏன் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது?

1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது அதன் தலைநகரமான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பக்கம் எஞ்சிய கிழக்குப் பஞ்சாபுக்கு அரசு நடத்த ஒரு நகரம் இல்லாமல் போனதால், அரசு அலுவலகங்கள் சிம்லாவை நம்பியே இயங்க வேண்டியிருந்தது. இருக்கின்ற ஊர்களில் ஒன்றையே தலைநகரமாக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் அமிர்தசரஸ் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. மற்ற ஊர்களோ அகதிகளின் வருகையால் தண்ணீருக்கும் வீட்டுக்கும் திணறிக்கொண்டிருந்தன. ஆகவே 1948 மார்ச்சில், சிவாலிக் மலையடிவாரத்தில், சுக்னா, பட்டியாலி ராவ் என்னும் இரு காட்டாறுகளுக்கு இடைப்பட்ட சமவெளியைப் புதிய நகருக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அருகிலிருந்த சண்டி தேவியின் கோயிலே நகருக்குப் பெயர் தந்தது.

அந்த நிலம் வெறும் பொட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. மாந்தோப்புகளும் வயல்களும் கிராமங்களும் அங்கே இருந்தன. நகருக்கு வழிவிட்டு அக்கிராமத்தார் வெளியேற நேர்ந்தது. இந்தச் செய்தி சுற்றுலாக் கையேடுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனினும் பின்னால் வரும் கற்பாறைத் தோட்டத்தைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும். பழைய மரபுகளின் சுமை இல்லாத, சுதந்திர நாட்டின் நம்பிக்கையைக் காட்டும் நகரமாக இது அமைய வேண்டும் என்று நேரு விரும்பினார். 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார்.

நகரம் முழுவதையும் லெ கொர்பூசியே ஒருவரே வடிவமைத்தாரா?

இல்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரான அவருக்கு முன்பே அமெரிக்கத் திட்ட வல்லுநர் ஆல்பர்ட் மேயரும் போலந்து நாட்டில் வேரூன்றிய கட்டடக் கலைஞர் மேத்யூ நொவிட்ஸ்கியும் விசிறி வடிவில், வளைந்து செல்லும் சாலைகளோடு ஒரு திட்டத்தை வரைந்திருந்தார்கள். 1950-இல் எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் நொவிட்ஸ்கி இறந்தார். மேயரின் பங்கும் அதோடு குறைந்தது. அதன்பின் பஞ்சாப் அரசின் அதிகாரி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குச் சென்று, லெ கொர்பூசியே, அவருடைய உறவினர் பியர் ஜானரே, ஆங்கிலேயத் தம்பதியரான மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய நால்வரையும் ஒப்பந்தம் செய்துகொண்டு திரும்பினார்கள்.

1951 பிப்ரவரியில் வந்த கொர்பூசியே சில நாட்களுக்குள் பழைய வளைவுகளை நேர்கோடுகளாக்கிப் புதிய வரைபடத்தை உருவாக்கினார். ஆயினும் குடியிருப்புப் பகுதிகள் தனித்தனி அலகுகளாக அமைய வேண்டும், நடுவே பசுமைப் பட்டைகள் ஓட வேண்டும் என்பன போன்ற மேயரின் கருத்துகள் அதில் தங்கிவிட்டன. ஒப்பந்தப்படி கொர்பூசியே ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வந்து போனார். அவருடைய கவனமும் பெரும்பாலும் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் ஆகிய பெருங்கட்டடங்களின் மீதே இருந்தது. மக்கள் வாழும் வீடுகள், பள்ளிகள், கடைத்தெருக்கள், பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பெரும்பாலும் மற்ற மூவரும், அவர்களோடு பணியாற்றிய எம்.என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா முதலிய இந்தியக் கலைஞர்களும் உருவாக்கினார்கள். அன்றாடச் சண்டிகரின் முகம் பெரிதும் ஜானரேயின் கைவண்ணம் என்றே சொல்ல வேண்டும். அவர் நோயுற்றுச் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1967-இல் இறந்தபின் அவருடைய விருப்பப்படி அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. பெயர்ப்பலகைகளில் அவருக்குக் கிடைத்த இடம், உழைப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

‘செக்டர்’ என்கிறார்களே, அது எப்படிப்பட்ட அமைப்பு?

சண்டிகரில் பார்க்க வேண்டிய முதல் பொருள் இதுவே. நகரம் ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் ஒரு செக்டர். பள்ளி, மருந்தகம், கடைகள், விளையாட்டிடம், பூங்கா ஆகிய அனைத்தும் செக்டருக்குள்ளேயே பத்து நிமிட நடையில் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். செக்டரைச் சுற்றி ஓடும் வேகச் சாலையை நோக்கி எந்த வீட்டின் வாசலும் திறப்பதில்லை. ஆகவே காரில் செல்பவருக்கு மரங்களும் மதில்களும் வட்டச் சந்திப்புகளுமே மாறி மாறித் தெரியும். இந்த ஊரில் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். இறங்கி உள்ளே நடந்தால்தான் ஊர் தென்படும்.

உள்ளே செல்லும் வழிகளுக்கும் ஒரு படிநிலை உண்டு. வெளியூர்களிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் தொடங்கி, நகரின் பெருஞ்சாலை, செக்டரைச் சூழும் வேகச் சாலை, செக்டரின் குறுக்கே ஓடும் கடைத்தெரு, உள் வட்டச் சாலை, வீட்டு வாசலுக்குச் செல்லும் தெரு, பசுமைப் பட்டையினூடே போகும் நடைபாதை என ஏழு வகையாக அவை பிரிக்கப்பட்டன. மிதிவண்டிக்கான எட்டாவது வகை பின்னர் சேர்ந்தது. கடைத்தெருவில் கடைகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். பொருள் வாங்குவோர் நிழலில் நடக்க வேண்டும், சாலையைக் குறுக்கே கடக்கும் தேவை நேரக் கூடாது என்ற இரு நோக்கங்களும் அதில் உள்ளன. பசுமைப் பட்டை இதற்குச் செங்குத்தாக ஓடி, ஒரு செக்டரின் பூங்காவை அடுத்த செக்டரின் பூங்காவோடு இணைக்கிறது. இதையெல்லாம் ஒரே நடையில் காண விரும்புவோர் முதலில் கட்டி முடிக்கப்பட்டவற்றுள் ஒன்றான செக்டர் 22-க்குச் செல்லலாம். அரசு ஊழியர்களுக்கான வீடுகளைச் சம்பளப் படிக்கேற்ப 13 வகைகளாக வகுத்தார்கள். கடைநிலை ஊழியருக்கான சிறு வீட்டிலும் தனிக் கழிப்பறை, சமையலிடம், முற்றம் ஆகியவை இருந்தன. 1950-களின் இந்தியாவில் அது சிறிய செய்தியன்று. ஆனால் பதவியைப் பார்த்து ஒருவர் வாழும் செக்டரையே முடிவு செய்யும் பழக்கமும் அங்கேதான் தொடங்கியது. மலைக்கு அருகில் வடக்கே போகப் போக வீட்டு மனைகள் பெரிதாகின்றன. தெற்கே வர வர நெருக்கம் கூடுகிறது.

செக்டர் 13 எங்கே?

தொடக்க வரைபடத்தில் அந்த எண் விடப்பட்டிருந்தது. 2020-இல்தான் மணிமாஜ்ரா பகுதிக்குச் செக்டர் 13 என்ற பெயர் சூட்டப்பட்டது. விடப்பட்ட எண் வேறு வழியில் நுழைந்திருப்பதும் வேடிக்கை: எதிரெதிரே அமைந்த 9-ஐயும் 17-ஐயும், 10-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 26 வரும், 17-ஐயும் 22-ஐயும் கூட்டினால் 39. இரண்டுமே 13-இன் மடங்குகள்.

தலைமை வளாகத்தில் என்னென்ன உள்ளன? உள்ளே விடுவார்களா?

நகரை ஒரு மனித உடலாகக் கொண்டு திட்டமிட்ட கொர்பூசியே, செக்டர் 1-இல் அமைந்த அரசு வளாகத்தைத் தலையாகவும், செக்டர் 17 வணிக மையத்தை இதயமாகவும், பூங்காக்களை நுரையீரலாகவும், சாலைகளை இரத்த ஓட்டமாகவும் வைத்தார். அந்தத் தலைதான் 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. ஏழு நாடுகளில் பரவியுள்ள அவருடைய 17 படைப்புகள் ஒரே தொகுப்பாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியாவிலிருந்து இது ஒன்றே.

முதலில் எழுந்தது உயர் நீதிமன்றம், 1955-இல் திறக்கப்பட்டது. ஒரு கூரைக்கு மேல் இன்னொரு கூரை குடைபோல விரிந்து, இடையே காற்று புகுந்து செல்லும்படி அது கட்டப்பட்டிருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணம் பூசிய மூன்று பெருஞ்சுவர்கள் வாயிலில் நிற்கின்றன. நீதிமன்ற அறைகளில் எதிரொலியைக் குறைப்பதற்காகக் கொர்பூசியே வரைந்த ஓவியங்களைக் காஷ்மீரில் பெரிய திரைச்சீலைகளாக நெய்து தொங்கவிட்டார்கள். தலைமைச் செயலகம் 254 மீட்டர் நீளமுள்ளது. அதன் முகப்பு முழுவதும் வெயில் தடுப்புக்கென வார்த்த கான்கிரீட் கட்டங்கள் ஆழமாக அமைந்திருப்பதால் பொழுதுக்குப் பொழுது நிழல் மாறி, கட்டடத்தின் தோற்றமும் மாறுகிறது. மூன்றனுள் மிகச் சிறந்தது சட்டமன்றமே. மேலே தெரியும் பெரிய குழல் வடிவம், அனல் மின் நிலையங்களில் காணும் குளிர்விப்புக் கோபுரத்தை ஒத்தது. அகமதாபாத்தில் கண்ட அத்தகைய கோபுரங்களே கொர்பூசியேவுக்குத் தூண்டுதலாயின. அந்தக் குழலுக்கு அடியில் பஞ்சாப் சட்டமன்றமும், பட்டைக்கூம்பு (பிரமிடு) வடிவ முகடு கொண்ட சிறிய அவையில் ஹரியானா சட்டமன்றமும் கூடுகின்றன. சடங்கு நாட்களுக்கென அமைந்த பெரிய கதவில் சூரியனின் பாதை, ஆறு, மரம், விலங்குகள் ஆகியவற்றைக் கொர்பூசியே எனாமல் பூச்சில் தம் கையால் தீட்டினார். அது பிரான்சு நாட்டின் அன்பளிப்பு.

ஆளுநர் மாளிகை ஒன்றும் வரைபடத்தில் இருந்தது. மக்களாட்சியில் ஆளுநருக்கு இத்தனை உயர்ந்த இடம் பொருந்தாது என்று நேரு கருதியதால் அது கைவிடப்பட்டது. வளாகத்தின் வடபுறம் வெறுமையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உள்ளே செல்லலாம், ஆனால் தாமாகச் சுற்ற முடியாது. பஞ்சாப் முதலமைச்சர் பியந்த் சிங் 1995 ஆகஸ்டில் தலைமைச் செயலக வாசலிலேயே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதன்பின் பாதுகாப்பு மிகவும் இறுக்கப்பட்டது. அடையாள அட்டையைக் காட்டி உயர் நீதிமன்றம் அருகிலுள்ள சுற்றுலா மையத்தில் பதிவு செய்துகொண்டால், குறித்த நேரங்களில் வழிகாட்டியோடு அழைத்துச் செல்வார்கள். நேரமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் சண்டிகர் சுற்றுலாத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டடங்களுக்கு இடைப்பட்ட கான்கிரீட் வெளி மிகப் பெரியது, நிழலே இல்லாதது. மே மாத நண்பகலில் அங்கே நிற்பது தண்டனை. மக்கள் கூடும் திறந்தவெளியாக வரையப்பட்ட இடம், முள்வேலியும் துப்பாக்கியும் காக்கும் வெற்றிடமாக இன்று இருக்கிறது. நகரத்திலிருந்து பார்வையை மறைக்கும்படி கொர்பூசியே செயற்கை மண்மேடுகளையும் எழுப்பியிருந்ததால், தலை உடலிலிருந்து முன்பே சற்று விலகித்தான் இருந்தது.

எல்லாப் படங்களிலும் வரும் அந்தப் பெரிய கை என்ன?

‘திறந்த கை’ என்பது அதன் பெயர். சண்டிகர் நிர்வாகத்தின் முத்திரையும் அதுவே. கொடுக்கவும் பெறவும் திறந்திருக்கும் கை என்பது கொர்பூசியே தந்த பொருள். 26 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த உலோகக் கை காற்றடிக்கும் திசைக்கேற்பச் சுழலும். அவர் 1965-இல் இறந்தார். கை 1985-இல்தான் எழுந்தது. அதன் கீழே, தரைமட்டத்துக்குத் தாழ்வாக, மக்கள் கூடிப் பேசுவதற்கென ஒரு பள்ளமான அரங்கமும் இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகருக்கென எழுதிய சாசனத்தில், தனி மனிதர்களுக்குச் சிலை வைக்கும் காலம் முடிந்துவிட்டது, சண்டிகரின் வீதிகளிலோ பூங்காக்களிலோ அத்தகைய சிலைகள் நிறுவப்படக் கூடாது என்று கொர்பூசியே விதித்தார். சந்திப்புக்குச் சந்திப்பு சிலை கண்டு பழகிய தமிழ்நாட்டுக் கண்களுக்கு இந்த ஊரின் வட்டச் சந்திப்புகளில் வெறும் பூச்செடிகள் மட்டும் இருப்பது உடனே தென்படும்.

கற்பாறைத் தோட்டம் அவ்வளவு சிறப்பானதா?

ஆம். ஒரே இடத்தை மட்டும் பார்க்க முடியும் என்றால் அதையே பார்க்கச் சொல்ல வேண்டும்.

நேக் சந்த் சைனி, பிரிவினையில் இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்த தம் கிராமத்தை இழந்து இங்கே வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசல்களையும், ஆற்றுப்படுகையில் கிடந்த விசித்திர வடிவக் கற்களையும் மிதிவண்டியில் சேர்த்துக் கொண்டுபோய், 1957 முதல் இன்றைய சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த ஒரு காட்டுப் பள்ளத்தில் இரகசியமாக ஒரு உலகத்தை அமைக்கத் தொடங்கினார். அது எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி இல்லாத நிலம். பகலில் திட்டமிட்ட நகரத்துக்குச் சாலை போட்டவர், இரவில் பழைய டயர்களைக் கொளுத்திய வெளிச்சத்தில் திட்டத்தில் இல்லாத நகரத்தைக் கட்டினார். உடைந்த வளையல், பீங்கான் மின்சாதனத் துண்டு, குளியலறை ஓடு, சாக்கு, தார் பீப்பாய், உலைக்கழிவு ஆகியவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மனித உருவங்களும் குரங்குகளும் மயில்களும் பிறந்தன.

1970-களில் அதிகாரிகள் கண்ணில் இது பட்டபோது, சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நகரின் நிலத்தோற்றத்தை உருவாக்கியவரும் தாவரங்களில் ஆழ்ந்த அறிவுடையவருமான ஆட்சிப்பணி அதிகாரி எம்.எஸ். ரந்தாவா போன்றோர் அதைக் காக்க வேண்டும் என்றார்கள். 1976-இல் பொதுமக்களுக்குத் தோட்டம் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கொடுத்து, அதே வேலையை முழுநேரமாகச் செய்யும்படி அரசே பணித்தது. 1984-இல் பத்மஸ்ரீ வந்தது. 2015-இல் அவர் காலமானார். இடையில் சிக்கல்களும் இருந்தன: தோட்டத்தின் ஊடே சாலை அமைக்க முயன்றபோது மக்கள் குறுக்கே நின்று தடுத்ததுண்டு. 2025-இல் உயர் நீதிமன்றப் பக்கத்துச் சாலை விரிவாக்கத்துக்காகச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது.

பாதைகள் குறுகலானவை, வாயில்கள் தாழ்வானவை. குனிந்துதான் நுழைய வேண்டும், அடுத்து என்ன வரும் என்று தெரியாது. வெளியே எல்லாம் நேர்கோடு, உள்ளே எல்லாம் வளைவு. கான்கிரீட் நகரத்தைப் பார்த்துவிட்டு அடுத்து இங்கே நுழைவதே சரியான வரிசை. மாற்றிப் பார்த்தால் பாதி சுவை போய்விடும். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை நினைவில் கொள்ள வேண்டும்.

சுக்னா ஏரி இயற்கையானதா?

இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சுக்னா காட்டாற்றின் குறுக்கே 1958-இல் அணைகட்டி உருவாக்கியது. பி.எல். வர்மாவும் கொர்பூசியேவும் இதற்கு முன்னின்றார்கள். அணையின் மேல் வண்டிகள் செல்லக் கூடாது, ஏரியில் இயந்திரப் படகுகளின் இரைச்சல் கூடாது என்பவை கொர்பூசியேவின் பிடிவாதங்கள். அதனால்தான் அந்த நீண்ட கரை இன்றும் நடப்பவர்களுக்கே உரியதாக இருக்கிறது. விடியற்காலையில் போனால் சிவாலிக் மலைகள் தெளிவாகத் தெரியும். நகரவாசிகள் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள் என்று தோன்றும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன.

ஏரியின் நீண்டநாள் நோய் வண்டல். சிவாலிக்கின் தளர்ந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வந்து, ஏரியின் கணிசமான பகுதியைத் தூர்த்துவிட்டது. மேட்டுக் காடுகளில் தடுப்பணைகளும் மரங்களும் வைத்தும், மக்களே மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரியும் அதைக் காத்து வருகிறார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியில் எழுந்த கட்டடங்கள் தொடர்பான வழக்கில், 2020-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இந்த ஏரியைச் சட்ட உரிமைகள் கொண்ட உயிருள்ள ஒன்றாக அறிவித்தது.

அருங்காட்சியகங்களில் எதைத் தவறவிடக் கூடாது?

செக்டர் 10-இல் உள்ள அரசு அருங்காட்சியகத்தை. கொர்பூசியே வடிவமைத்த அந்தக் கட்டடம் 1968-இல் திறக்கப்பட்டது. மேற்கூரையின் இடைவெளிகள் வழியாக இறங்கும் இயற்கை ஒளியிலேயே பொருட்களைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதன் கதை இன்னும் கனமானது. பிரிவினையின்போது நாடும் மக்களும் மட்டுமின்றி, லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் பங்கு போடப்பட்டது. 60 விழுக்காடு பாகிஸ்தானிடம் நின்றது. 40 விழுக்காடு இந்தியாவுக்கு வந்தது. அந்தப் பங்கில் வந்த காந்தாரப் புத்தர், போதிசத்துவர் சிற்பங்களே இங்குள்ள செல்வம். கிரேக்க மடிப்பாடையும் இந்திய முகமும் கொண்ட அந்தக் கரும்பச்சைக் கற்சிலைகளின் முன் நிற்கையில், இந்த நகரம் பிறந்ததற்கும் இவை இங்கு வந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது உறைக்கும். பஹாரி எனப்படும் மலைநாட்டுச் சிற்றோவியங்களும் உயர்தரமானவை. திங்கட்கிழமை விடுமுறை.

நகரின் திட்ட வரலாற்றை அறிய அதே வளாகத்திலுள்ள கட்டடக்கலை அருங்காட்சியகமும், செக்டர் 19-இல் வடிவமைப்பாளர்களின் பழைய அலுவலகத்திலேயே இயங்கும் லெ கொர்பூசியே மையமும் உதவும். செக்டர் 5-இல் ஜானரே வாழ்ந்த வீடும் அருங்காட்சியகமாகியுள்ளது. செக்டர் 14 பல்கலைக்கழக வளாகத்தில், நீர்நிலை நடுவே மலர்போல் நிற்கும் காந்தி பவனும் அவர் வடித்ததே. கட்டடக்கலையில் ஆர்வமில்லாதவருக்கும் அது பிடிக்கும்.

ஜானரேயின் நாற்காலிகள் ஏலத்தில் இலட்சக்கணக்கில் போகின்றனவாமே?

உண்மைதான். அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாகத் தேக்குமரத்தில், தலைகீழ் ‘வி’ போன்ற கால்களோடு, பிரம்பு பின்னிச் செய்யப்பட்ட எளிய நாற்காலிகள் அவை. பழுதானதும் மொட்டை மாடியில் குவித்துப் பழைய மரச்சாமான் விலைக்கு விற்றார்கள். வாங்கிய வெளிநாட்டு வணிகர்கள் செப்பனிட்டு ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் பெருந்தொகைக்கு விற்றார்கள். 2011-இல் நடுவண் உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்தது. இன்றும் சில அலுவலகங்களில் எழுத்தர்கள் அவற்றின் மீது சாதாரணமாக உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் காணலாம்.

பூங்காக்கள்?

செக்டர் 16-இல் உள்ள ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டம் 1967-இல் அமைந்தது. ஏறத்தாழ 30 ஏக்கர். பிப்ரவரி, மார்ச்சில் பூ நிறைந்திருக்கும். ரோஜா விழாவும் அந்தப் பருவத்தில்தான். ஓர் ஓடையின் பள்ளத்தாக்கை நிரப்பிவிடாமல், அதன் போக்கிலேயே நகரின் வடக்கிலிருந்து தெற்காகப் பூங்காத் தொடராக மாற்றியிருக்கிறார்கள். ரோஜாத் தோட்டம் அதில் ஒரு கண்ணி. சாலைக்கொரு மரவகை என்று தேர்ந்து நட்டதில் ரந்தாவாவின் பங்கு பெரிது. மே மாதத்தில் சரக்கொன்றை பூத்த சாலைகள், வெயிலையும் பொறுத்துக்கொள்ளச் செய்யும்.

சண்டிகர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது?

எதையும் சேராது. 1966 நவம்பர் 1 அன்று ஹரியானா தனி மாநிலமானபோது, சண்டிகர் ஒன்றியப் பகுதியாகவும் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகரமாகவும் ஆக்கப்பட்டது. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் லோங்கோவாலும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1986 ஜனவரி 26 அன்று பஞ்சாபுக்குக் கைமாறியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. பஞ்சாப் ஆளுநரே நகரின் நிர்வாகியாகவும் இருந்து வருகிறார்.

திட்டம் போட்டபடி நகரம் அமைந்ததா?

அமைந்தது என்பதே பெரும் வியப்பு. ஆனால் யாருக்காக என்ற கேள்வி நிற்கிறது. முதற்கட்டமான 1 முதல் 30 வரையிலான செக்டர்கள் ஒன்றரை இலட்சம் பேருக்கும், இரண்டாம் கட்டத்தோடு சேர்த்து நகரம் ஐந்து இலட்சம் பேருக்கும் திட்டமிடப்பட்டன. 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 10.5 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நெருக்கத்தை ஏற்காத திட்டம் அதை ஓரத்துக்குத் தள்ளியது: ஒருபுறம் ஹரியானாவின் பஞ்ச்குலா, மறுபுறம் பஞ்சாபின் மொஹாலி. நகரைச் சுற்றிக் கட்டுமானத்தைத் தடுக்க 1952-இலேயே சட்டம் இயற்றியும், எல்லையை ஒட்டி நயாகாவ் போன்ற ஊர்கள் ஒழுங்கில்லாமல் வளர்ந்தன.

தலையில் சிமெண்டுச் சட்டி சுமந்து இந்தக் கான்கிரீட்டை வார்த்த தொழிலாளருக்கு வரைபடத்தில் நிலையான இடம் இல்லை. அவர்களின் குடியிருப்புகள் எண்ணிட்ட ‘காலனி’களாக நின்று, பிறகு ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன; நான்காம் எண் காலனி 2022-இல் இடிக்கப்பட்டது. மறுபுறம், செக்டர் 45-க்குள் அகப்பட்டுக்கொண்ட புரைல் கிராமத்தில் கட்டுப்பாடுகள் தளர்வாக இருந்ததால் மாடிமேல் மாடி எழுந்து, குறைந்த வாடகைக்கு ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அழகில்லைதான், ஆனால் அந்தச் சந்துகள் இல்லாவிட்டால் நகரத்தின் கடைப் பையன்களும் வீட்டு வேலைக்காரர்களும் எங்கே தங்குவார்கள் என்பதற்கு வரைபடத்தில் விடை இல்லை.

முதற்கட்ட செக்டர்களில் தனி வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து விற்பதற்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மரபு காக்கப்பட்டது, மனை விலை எட்டாத உயரத்தில் இருப்பதும் தொடர்கிறது. இதயமாக வரையப்பட்ட செக்டர் 17-இன் நடைவெளியில், பழைய கூட்டம் இல்லை; 2013-இல் தொழிற்பேட்டைப் பக்கம் வந்த பெரிய வணிக வளாகம் அதை இழுத்துக்கொண்டது. எனினும் மாலையில் அங்கே உட்கார்ந்து, ஒரே சீரான கான்கிரீட் தூண்களுக்கு நடுவே குடும்பங்கள் உலவுவதைப் பார்ப்பது இன்னும் நல்ல பொழுதுபோக்கு.

எப்போது, எப்படிச் செல்வது?

அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்றது. ஜனவரியின் மூடுபனி மட்டும் ரயிலையும் விமானத்தையும் தாமதப்படுத்தும். தில்லியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சதாப்தி ரயிலில் மூன்றரை மணி நேரம் ஆகும். மதுரையிலிருந்து சென்னை வழியாக நேரடி விரைவு ரயிலும் உண்டு. மெட்ரோ இல்லை, பேருந்து, ஆட்டோ, செயலிவழி வாடகைக் கார் ஆகியவையே போக்குவரத்து. முகவரி கேட்கும்போது செக்டர் எண்ணோடு வீட்டு எண்ணும் வேண்டும்; தெருப்பெயர் யாருக்கும் தெரியாது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எதை விடலாம்?

விடியலில் சுக்னா கரை, முற்பகலில் வழிகாட்டியோடு தலைமை வளாகம், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய கற்பாறைத் தோட்டம், பிற்பகலில் செக்டர் 10 அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்தபின் செக்டர் 22-இன் உள்தெருக்கள். வணிக வளாகத்தை விட்டுவிடலாம். ரோஜாத் தோட்டத்தையும், பூக்காத மாதமானால், விடலாம். இன்னொரு நாள் கிடைத்தால் 22 கிலோமீட்டரில் உள்ள பிஞ்சோர் முகலாயத் தோட்டத்துக்குப் போகலாம், அல்லது கால்கா சென்று மலை ரயிலில் சிம்லாவுக்கு ஏறலாம். ஆனால் மலை ரயிலுக்கு இருக்கையை முன்பதிவு செய்யாமல் கிளம்ப வேண்டாம்.